எழுபத்தொரு வயது ஆணாகிவிட்ட என் மகளின் மலப் பரிசோதனை

அனுப்புநர்:
பாக்கியலட்சுமி சேதுபதி,
பொங்கோல், சிங்கப்பூர்.

பெறுநர்:
தலைமை நிர்வாகி,
நலக்கதிர் பரிசோதனை நிலையம்,
சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்.

பொருள்: குடல் அழற்சிக்கான மலப் பரிசோதனை முடிவு ஆள் மாறி வந்தது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் சிவானிக்கு வயது பத்தொன்பது. மூன்று மாதமாக ஓயாத வயிற்றுப்போக்கு. ஏழு கிலோ இளைத்துவிட்டாள். குடலில் அழற்சி உண்டா என்றறிய மருத்துவர் மலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

2. அவள் கூச்சப்பட்டதால், டப்பாவை இரண்டு பைகளில் சுற்றி, லிட்டில் இந்தியா வரை ரயிலில் நானே மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். தங்கள் ஊழியர் அதை வேறு சில டப்பாக்களோடு ஒரே தட்டில் வைத்து, "ஸ்டிக்கர் அப்புறம் ஒட்டிக்கலாம் ஆன்ட்டி" என்றார். அவருடைய நினைவாற்றலை வியந்தபடி வீடு திரும்பினேன்.

3. பத்தாம் நாள் முடிவு வந்தது. பெயர்: சிவானி. பால்: ஆண். வயது: 71. அழற்சி அளவு: 18 (50 வரை இயல்பு). மூத்தோர் சலுகை அட்டைக்கு அவள் விண்ணப்பிக்கலாமா என்று முகப்பில் விசாரித்தேன். "டைப்பிங் மிஸ்டேக்தான் ஆன்ட்டி. நம்பர் நார்மல் லா, சந்தோஷப்படுங்க" என்றார்கள். சொன்னபடியே சந்தோஷப்பட்டோம். மருத்துவரும் அந்த எண்ணை நம்பி, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனையை நான்கு மாதம் தள்ளிவைத்தார். நல்ல செய்தியை நம்ப நானும் ஆசைப்பட்டேன். அந்த ஒரு தவறு மட்டும் என்னுடையது.

4. பதினாறாம் நாள் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் சிவானி மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் அதே பரிசோதனை, அளவு 1,640. பெருங்குடல் முழுதும் புண். சிகிச்சை தொடங்கிவிட்டது. நேற்று அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தாள்.

5. தங்களுக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். பதிலாக, என் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு ஒரு படிவம் வந்தது. ஐந்தும் கொடுத்தேன், நன்றி சொல்லவாவது யாரேனும் அழைப்பீர்கள் என்று பார்த்தேன்.

6. இழப்பீடு கேட்டு இதை எழுதவில்லை. அந்த எழுபத்தொரு வயதுப் பெரியவரின் நல்ல முடிவு எங்கள் வீட்டுக்கு வந்ததென்றால், என் மகளுடையது அவர் வீட்டுக்குத்தான் போயிருக்கும். என்ன நோயோ என்று அஞ்சி, அந்தக் கேமரா சோதனைக்காகப் பட்டினி கிடந்து, பேதி மருந்து குடித்துக்கொண்டிருப்பார். இன்றே அவரைத் தேடி அழையுங்கள். அவர் குடல் நலமாக இருப்பது இதுவரை எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கோ அவர் பெயர் தெரியாது.

அவரிடம் சொல்லியாயிற்று என்ற ஒரு வரிப் பதிலை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
பா. சேதுபதி

இடம்: பொங்கோல்
நாள்: 14.03.2025