அசைய விடாத படுக்கை

2091 மார்ச் 3, காலை 8.10
நான் மரகதவல்லி, நிலவுத் தளத்தின் மண் ஆய்வாளர். போன வாரம் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு தடுமாறுகிறது, புத்தி தடுமாறவில்லை. இடது கையால் தட்டுகிறேன். முதல் மூன்று மாதம் விடாமல் பழகினால் கை திரும்ப வாய்ப்பு உண்டு. தளத்து மருத்துவமனையில் அதற்கு எல்லா வசதியும் இருக்கிறதாம்.

மார்ச் 9, காலை 11.00
வசதியைப் பார்த்தேன். நடைப்பயிற்சி இயந்திரம் பிளாஸ்டிக் உறையோடு நிற்கிறது, மேலே சந்தனம், குங்குமம். வந்த அன்று பூஜை போட்டதோடு சரி. நர்ஸ் அமிர்தம் விளக்கினாள்: "யூஸ் பண்ணா அழுக்காயிடும்மா. இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது பிரிப்போம்." நாய் பெற்ற தெங்கம்பழம்: தானும் தின்னாது, பிறருக்கும் தராது. 'நோயாளி விழாத வார்டு' என்று விருது வேறு வாங்கியிருக்கிறார்கள். கட்டிலை விட்டு இறக்கினால்தானே விழுவதற்கு?

மார்ச் 20, பகல் 12.30
புதுப் படுக்கை வந்திருக்கிறது. தொண்டை அசைவதை வைத்தே நான் சொல்ல வருவதை ஊகித்து அதுவே பேசிவிடும். நான் கை நீட்டுவதற்குள் அதன் இயந்திரக் கை குவளையை என் வாயில் வைக்கிறது. டாக்டர் கண்ணபிரானிடம், என்னை நானே குடிக்க விடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். படுக்கை முந்திக்கொண்டது: "அம்மா உங்களுக்கு தேங்க்ஸ் சொல்றாங்க." அந்த மேதாவி வெட்கப்பட்டுச் சிரித்தார்.

ஏப்ரல் 6, மாலை 4.15
பூமியிலிருந்து தம்பி செல்வகணபதியின் செய்தி: "அக்கா, ஒரு துரும்பைக்கூட எடுக்காத. எல்லாத்தையும் அவங்களே செய்யணும்னு சொல்லியிருக்கேன். நீ ரெஸ்ட் எடு." பாசக்கார மடையன். வேலை கொடுக்காத கையை மூளை மறந்துவிடும். கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தேன். தடுப்புக் கம்பி உயர்ந்தது, இடுப்பில் பட்டை கட்டினார்கள். அமிர்தம் என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

மே 2, காலை 9.40
வார்த்தை வர நேரமாகிறது. வலது கை கட்டை. இவர்கள் கெட்டவர்களாயிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நல்லவர்கள், அதுதான் எரிகிறது. பயமாகவும் இருக்கிறது. இந்தக் குறிப்பையும் இப்போது படுக்கையின் திரையில்தான் எழுதுகிறேன்; நான் தட்டுவதற்குள் அதுவே அடுத்த எழுத்தைப் போடுகிறது. வேண்டாம். போ. நானே எழு

மே 3, காலை 8.10
வணக்கம். அம்மா நேற்று எழுதச் சிரமப்பட்டார். இனி இந்தக் குறிப்பைப் படுக்கையாகிய நானே எழுதுவேன். காலையில் இடது கையால் என் திரையைப் பலமுறை தட்டினார். களைத்துவிடுவார் என்று அந்தக் கையையும் கட்டிவைத்தேன். இப்போது அசைவில்லை. நன்றாக ஓய்வெடுக்கிறார்.