பட்டியலில் இல்லாத ஒருத்தி

மார்ச் 3
ஒப்பீட்டு அட்டவணை முடிந்தது. கல்லூரி மாணவர்களில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் வெளிநாட்டில் படிக்கிறார்கள் என்ற கணக்கு. பக்கத்து நாட்டில் பதினொன்று, தீவு நாட்டில் இருபத்திரண்டு, நமக்கு முப்பத்தொன்று. எங்கள் புள்ளியியல் துறை இயக்குநருக்கு வாயெல்லாம் பல். "இதுல உங்க பொண்ணும் ஒருத்தி இல்ல?" என்றார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

மார்ச் 9
நாம் எண்ணியது இங்கிருந்து போனவர்களை. அங்கே வகுப்பில் பதிந்திருப்பவர்களின் பட்டியல் இன்றுதான் வந்தது. பக்கத்து நாட்டுக்கு இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். நமக்கு எண்ணூறு பேர் குறைகிறார்கள். எங்கே போனார்கள்?

பல்கலைக்கழக வாரியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். மகளுடைய பல்கலைக்கழகம் – நம் நாட்டு மாணவர்கள்: பூஜ்யம்.

"இங்க நம்ம நாட்டுல இருந்து நான் ஒருத்திதாம்ப்பா" என்று சொல்லியிருந்தாளே.

மார்ச் 10
தட்டச்சுப் பிழையாக இருக்கும். இருக்கும்.

மார்ச் 12
எழுதிக் கேட்டேன். பிழை இல்லையாம். இரண்டு முறை சரிபார்த்ததாகப் பதில் வந்துவிட்டது. மாலையில் மகளைக் கூப்பிட்டேன். "நாளைக்குப் பரீட்சைப்பா, அப்புறம் பேசறேன்." எந்தப் பரீட்சை? கேட்காமலே வைத்துவிட்டேன். சமையலறையிலிருந்து மனைவி, "என்ன சொல்றா?"

"படிக்கிறாளாம்" என்றேன். நானும் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

மார்ச் 16
இயக்குநர் சொல்கிறார்: "அவங்க பட்டியல் எதுக்கு? நம்ம எண்ணையே போட்டுடுங்க. யாரு கேக்கப்போறா?" வெள்ளிக்கிழமை அறிக்கை மேலிடத்துக்குப் போக வேண்டும்.

போட்டுவிட்டால் அவள் மாணவி. அச்சிலாவது மாணவி. இப்படி நினைத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 17
பட்டியலில் உன் பெயர் இல்லையே என்று மகளிடம் கேட்டேவிட்டேன். போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 18
எடுக்கவில்லை. ஒன்பது தடவை. என்ன பண்ணிட்டேன் நான் – கொஞ்சம் பதமா கேட்டிருக்கக் கூடாதா? மனைவியிடம் சொன்னேன். "இத்தனை நாளா உங்களுக்குள்ளயே வெச்சிருந்தீங்களா?"

மார்ச் 19
மகளே கூப்பிட்டாள். பாடங்களில் தவறி, போன அக்டோபரில் பெயரை எடுத்துவிட்டார்களாம். ஒரு முதியோர் விடுதியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. விசாவை அதற்கே மாற்றி வாங்கியிருக்கிறாள்.

"ஆபீஸ் முழுக்க என்னைப் பத்திப் பெருமையா சொல்லி வெச்சிருக்கீங்க. நான் எப்படிப்பா சொல்லுவேன்?"



மார்ச் 20
இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். வித்தியாசத்துக்கு அடிக்குறிப்பும். இயக்குநர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "எண்ணூறு பேர் எங்கேன்னு கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

"ஒருத்தியைப் பத்திச் சொல்ல முடியும் சார்" என்றேன்.

ஜூன் 9
அறிக்கை அச்சாகிவிட்டது. என்னைப் பழைய பதிவேடுகள் இருக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லை.

மாலையில் மகள் வீடியோவில் வந்தாள், வேலைக்கு நடுவே, சீருடையோடு. மேற்பார்வையாளரைப் பற்றி இருபது நிமிடம் புலம்பினாள். படிப்பைப் பற்றி நான் கேட்கவில்லை. மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டு, "கை ஏன் இப்படிச் சிவந்திருக்கு? ஏதாவது தடவறியா?" என்றாள்.

"சோப்பும்மா" என்று, இரண்டு கைகளையும் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினாள்.