உன் பெயரில் நான் போட்ட கையெழுத்து

ஆல்டர் ஃபால்ஸ், மினசோட்டா
பிப்ரவரி 11

அன்புள்ள ஜனெலுக்கு,

இங்கே நலம், பனியைத் தவிர. பிரிட்டா ஊன்றுகோல் இல்லாமல் சமையலறை வரை நடந்தாள் என்று உன் அக்கா சொன்னாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலிப் பள்ளிப் பேருந்தில் ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன்.

ஒன்றைச் சொல்லாமல் ஏழு மாதம் ஓட்டிவிட்டேன். தொலைபேசியில் சொல்லத் தைரியமில்லை, அதனால் எழுதுகிறேன். என் மகள் கெல்சியின் பிறந்தநாளுக்கு உன் மகள் பிரிட்டாவையும் அந்தத் துள்ளுவலை டிராம்பொலின் பூங்காவுக்குக் கூட்டிப்போனேனே, அன்று வாசல் கணினியில், அடிபட்டால் பூங்கா பொறுப்பில்லை என்ற சம்மதப் படிவத்தில் உன் பெயரைப் போட்டது நான். "எப்பவோ நானே போட்டுத் தொலைச்சிருக்கேன்டி, ஞாபகமில்ல" என்று நீ தலையில் அடித்துக்கொண்டபோது எதிரே காப்பி குடித்துக்கொண்டிருந்தவள் நான். அந்தக் கையெழுத்தைக் காட்டித்தான் பூங்காக்காரர்கள் கையைக் கழுவினார்கள் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. உன்னை இழந்துவிடுவேன் என்ற பயம், ஜனெல்.

சென்ற செவ்வாய் தலைநகருக்குப் போனேன். இந்தப் பூங்காக்களுக்குச் சட்டம் வேண்டுமா என்று சட்டமன்றக் குழு பொதுமக்களைக் கேட்டது. ஆளுக்கு இரண்டு நிமிடம். என் தொழிலைத்தான் சொன்னேன். "வருஷா வருஷம் என் வண்டிக்கு அதிகாரி வராரு. பிரேக்கைப் பாக்கறாரு, அவசரக் கதவைத் திறந்து பாக்கறாரு. இத்தனைக்கும் என் வண்டியில பிள்ளைங்க உக்காந்துதான் வருது. அங்க இருநூறு பிள்ளைங்க பறக்குது, யாரு பாக்கறா?" சிரித்தார்கள். உன் மகள் குதித்த வலைக் கட்டத்திலேயே ஒரு தடியான ஆளும் குதித்ததை, அவர் இறங்கிய வேகத்தில் இவள் எகிறி விழுந்து கால் ஒடிந்ததை, நாற்பது கட்டத்துக்கு ஒரே கண்காணிப்பாளர் இருந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

எதிர்ப்பக்கம் மீசைக்கார உறுப்பினர் ஒருவர். கையில் பூங்காக்காரர்கள் கொடுத்த படிவ நகல். "பெத்த தாயே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நடுவுல அரசாங்கம் எதுக்கும்மா?" என்றார்.

என் நேரம் முடிந்திருந்தது. பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். "அது தாய் போட்டது இல்லைங்க, நான் போட்டது" என்றேன்.

படிச்சீங்களா என்று கேட்டார். "எங்கங்க படிக்க? பன்னிரண்டு பிள்ளைங்க காலுறையை மாட்டிக்கிட்டு என் முதுகுல ஏறுதுங்க. எட்டுப் பக்கம். விரலால தள்ளித் தள்ளிக் கடைசிக்குப் போயிட்டேன்."

குழுத் தலைவி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "இங்க யாரெல்லாம் இப்படிப் படிக்காம போட்டிருக்கீங்க?" அறை முழுக்கக் கைகள். மீசைக்காரரும், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் போல, மெல்லத் தூக்கினார்.

பதினொரு ஓட்டுக்கு இரண்டு என்று மசோதா குழுவைத் தாண்டிவிட்டது. இனி ஒரு வலைக் கட்டத்தில் ஒருவர்தான் குதிக்கலாம். ஆண்டுதோறும் சோதனை உண்டு, யாருக்காவது அடிபட்டால் அரசுக்குச் சொல்லியாக வேண்டும். பெற்றோர், காப்பாளர் தவிர வேறு யார் கையெழுத்தும் செல்லாது என்ற வரியைச் சேர்த்ததே மீசைக்காரர்தான்! சட்டமன்றம், ஆளுநர் என்று இன்னும் இரண்டு படி பாக்கி. தேறிவிடும் என்றுதான் நம்புகிறேன். பூங்கா மேல் நீ போட்ட வழக்கை நடத்தும் உன் வழக்கறிஞருக்கும் நடந்ததை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டேன். இனி பூங்காக்காரர்களால் உன் கையெழுத்தைக் காட்டித் தப்ப முடியாது என்றார்.

விசாரணைப் பதிவு நாளை மறுநாள் இணையத்தில் வருமாம். அதைப் பார்த்து நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் இதை விரைவு அஞ்சலில் போடுகிறேன்.

பிரிட்டா இந்தக் கோடையில் ஓட வேண்டும், ஆண்டவர் அருளட்டும். ஏழு மாதமாக நீ உன்னையே திட்டிக்கொண்டாயே, அத்தனையும் எனக்குச் சேர வேண்டியது. மன்னிக்கச் சொல்லவில்லை ஜனெல். திட்டவாவது கூப்பிடு.

உன்
டார்லா