மூன்று நாளில் திரும்பாத கடிகாரம்

அனுப்புநர்:
கிரேன் ஓட்டுநரின் தந்தை (வயது 71),
ஆலை ஊழியர் குடியிருப்பு, இரண்டாம் மாடி.

பெறுநர்:
தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: ஞாயிறு காலை வரவிருக்கும் ஷிஃப்ட் மாற்றத்தை நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மாலைப் பள்ளியில் சேர்ந்து ஏழு மாதமான நான் என் கையால் எழுதும் முதல் மனு இது. எழுத எழுத ஆசையாக இருக்கிறது. விஷயம்தான் ஆசைப்படும்படி இல்லை.

1. என் மகள் வார்ப்பு ஆலையில், உருகிய இரும்பு நிரம்பிய தொட்டியைக் கிரேனில் தூக்கிச் செல்பவள். கீழே பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள்.

2. அவளுக்கு மூன்று நாள் இரவு, மூன்று நாள் பிற்பகல், மூன்று நாள் காலை என்று ஷிஃப்ட். அட்டவணையை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். படித்துவிட்ட சந்தோஷம் அடங்குவதற்குள் ஒரு வரியில் விரல் வைத்து மறுபடி படித்தேன். பிற்பகல் ஷிஃப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு இறங்குபவள் மறுநாள் காலை ஆறு மணிக்கே ஏற வேண்டுமாம்.

3. சென்ற முறை அப்படி ஏறிய காலையில், தொட்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனது. கொக்கி மாட்டுபவர், "அக்கா! தூக்கமா?" என்று அலறிய பிறகே நின்றது. பிரேக் கோளாறு என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறார்களாம். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது. "கண்ணு திறந்துதாம்பா இருந்துச்சு, நான்தான் அங்க இல்ல" என்றாள் என் மகள். அவள் சம்மதத்துடனே இதை எழுதுகிறேன். உண்மை சொன்னதற்காக அவள் வேலைக்குப் பங்கம் வரலாகாது.

4. மருத்துவரிடம் போனோம். மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறதாம். கண்ணில் படும் காலை வெளிச்சம்தான் அதற்குச் சாவி கொடுக்கிறதாம். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமே அது நகருமாம். தூங்கும் நேரத்தைப் பின்னால் தள்ளிப் போட்டால் இணங்குமாம். முன்னால் இழுத்தால் முரண்டு பிடிக்குமாம். எங்கள் அட்டவணை இரவு, பிற்பகல், காலை என்று முன்னால் இழுக்கிறது. "உங்க பொண்ணு உடம்பு என்ன பம்பரமா பெரியவரே, நினைச்ச பக்கம் சுத்த?" என்று கேட்டார்.

5. என் குற்றத்தையும் மறைக்கவில்லை. பகலில் அவள் தூங்க ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியவன் நான். பிறகு அடுத்த அறையில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தை உரக்கப் படித்தவனும் நானே. வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு எழுத்து பிடிபடும். எழுபது வருடம் கழித்துக் கிடைத்த எழுத்து ஆயிற்றே என்று ஏழு மாதமாக அவள் பொறுத்திருக்கிறாள். என் சத்தம் அவள் தூக்கத்தைக் கெடுத்தது என்று தெரிந்த நாள் முதல் உதட்டைக் கடித்துக்கொண்டு படிக்கப் பழகுகிறேன். இந்த வயதில் என்னால் மாற முடிகிறது. ஓர் அட்டவணையை மாற்ற முடியாதா, ஐயா?

6. காலை, பிற்பகல், இரவு என்று ஷிஃப்ட் பின்னால் தள்ளிப் போகவும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவே இரண்டு முழு நாள் ஓய்வு கிடைக்கவும் ஆவன செய்யுங்கள்.

செவ்வாயன்று இதைத் தொடங்கியபோது அவளுக்கு இரவு ஷிஃப்ட். இன்று காலை ஆறு மணிக்கு இறங்கி வந்து படுத்திருக்கிறாள். பிற்பகல் இரண்டு மணிக்கு மறுபடி ஏற வேண்டும். ஒரு மனு எழுதி முடிப்பதற்குள் அவள் உடம்புக்குப் பொழுது மாறிவிட்டது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு மீண்டும் மாறும்.

தினமும் அவளை எழுப்பிவிடுபவன் நான். ஞாயிறன்று எழுப்புவதா வேண்டாமா என்று, அதற்கு முன் தங்கள் உத்தரவு எனக்குச் சொல்லட்டும். எழுத்தில் அனுப்புங்கள். நானே படித்துக்கொள்வேன், சத்தமில்லாமல்.

நாள்: வியாழன், முற்பகல்
இடம்: அவள் தூங்கும் அறைக்கு அடுத்த அறை

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
கிரேன் ஓட்டுநரின் தந்தை