நாலு விரல் அளவு

சின்னுவின் அம்மாவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். உன் அக்கா வீட்டிலேயே இரு, வரச் சொல்லவில்லை.

சின்னு மாதவிலக்கு வலியில் சுருண்டு கிடக்கிறாள். கணுக்காலுக்கு மேலே நாலு விரல் தள்ளி, காலின் உட்பக்கம் நீ அமுக்குவாயே, அதே மாதிரி நானும் அமுக்கினேன். வலி குறையவில்லை.

"உங்க விரல் இல்லப்பா, என் விரலால அளக்கணும். அம்மா அப்படித்தான் செய்வாங்க" என்றாள். வெல்டிங் வேலையில் தடித்துப்போன என் விரல்கள் எங்கேயோ மேலே போயிருந்தன.

அவள் விரல்களை வைத்து அளந்தேன். அச்சு அசல் உன் விரல்கள்.

"போதும்ப்பா, சரியாயிடுச்சு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்குகிறது.

எவ்வளவு நேரம் அமுக்க வேண்டும் என்பதை மட்டும் எழுது. இடது கையை அவள் காலிலிருந்து இன்னும் எடுக்கவில்லை.

சின்னுவின் அப்பா