கிறுகி வராத காசு

மச்சான்,

நடந்ததெல்லாம் நடக்கும் முன்பே சொன்னவன் நான். கல்லடித் தேத்தண்ணிக் கடையில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்; அத்தனை தடவை சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்று காலை உன் மகன் உனது பழைய வெள்ளை ரெஜிபோம் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினான். மூடியைத் திறந்தான். வாவி இறால் மணம் இன்னும் போகவில்லை.

"மாமா, இனி இந்தப் பெட்டி வேணா. அம்மாட வளவுக் காணியை ஈடு வச்சு ஐஸ் மெசின் போடப் போறன். என்ன சொல்றீங்க?"

அந்தப் பெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டு நாம் திரிந்த காலம் நினைவுக்கு வந்தது. விடியக் கரையில் இறால் வாங்கினால், மத்தியானத்துக்குள் தன்னாமுனை வரை விற்று முடிந்துவிடும். போட்ட காசு அன்றே கிறுகிக் கைக்குத் திரும்பும். மறுநாள் அதே காசு மறுபடி இறாலாகும். இலாபம் சின்னதுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் வந்தது.

பிறகு கடல் ஊருக்குள் வந்தது. உன் இளைய மகளைக் கொண்டுபோனது. அதை மட்டும் நான் எந்தக் கதையிலும் கூட்டிச் சொல்வதில்லை.

உதவிக்கு வந்தவர்கள் வீட்டுக்கு வீடு தோணி கொடுத்தார்கள். இனி மீன் குவியும் என்று, என் தங்கச்சி, உன் மனைவி, கழற்றித் தந்த நகையை அடகு வைத்து ஐஸ் மெசின் போட்டோம். அதைப் பார்க்கக் கண்டியிலிருந்துகூட பஸ் பிடித்து ஆட்கள் வந்தார்கள். நம்மைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். தோணி கூடியது, மெசின் கூடியது. வாவி அதே வாவி. போட்ட காசு பெருகப் பெருக, அதற்குக் கிடைத்த இலாபம் மெலிந்துகொண்டே போனது. சண்டை முடிந்து பாதை திறந்ததும் கொழும்பு லொறிகள் தங்கள் ஐஸோடு வந்து கரையிலேயே மீனை ஏற்றின. நம் மெசின் இரும்பு விலைக்குப் போனது. நகை மீளவில்லை. நீயும் நெஞ்சு வருத்தத்தில் படுத்தவன் எழும்பவில்லை.

உன் மகனுக்கு வழக்கம்போல் சொன்னேன்: "காசு கிறுகிக் கிறுகி வரணும் மனே. மெசினுக்குள்ள போனா படுத்திடும். எல்லாரும் போட்டா ஒருத்தருக்கும் மிஞ்சாது. அண்டைக்கே சொன்னன்."

அவன் சிரித்தான். "நீங்க சொல்லியும் அப்பா போட்டாரெண்டா, அப்பாதான் மாமா மடையன்."

கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

"சொன்னது கொப்பன், மனே. போடத்தான் வேணுமெண்டு ஒத்தக்கால்ல நிண்டது நான்."

அவன் வேணாமென்ற பெட்டியை எடுத்து மோட்டார் சைக்கிளில் கட்டினான். இறுக்கிக் கட்டினான்.

காசு கிறுகி வரணும் என்ற அந்த வார்த்தை உன்னுடையது, மச்சான். இனி உன் பெயரோடுதான் சொல்வேன். கண்டி ஆட்கள் வந்ததாகக் கூட்டிச் சொன்னது மட்டும் அப்படியே இருக்கட்டும்.