கடைசி ஒரு கிலோமீட்டர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், உன் குதிரை செவலையும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். செவலை சுகம் என்று நான் எழுதினால் நீ உடனே அம்மாவுக்குப் போன் போட்டு உண்மையா என்று கேட்பாய், அவள் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்வாள், அதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உன் குதிரையை என்னிடம் விட்டுப் போனபோது ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன் அல்லவா, கீறல் எதுவும் விழவில்லை.

போன ஞாயிறு எண்பது கிலோமீட்டர் சவாரிப் போட்டி, செவலையில் நானும் போனேன். இப்போது புதிதாக வருகிறவர்களை நீ பார்க்க வேண்டும். குதிரையின் கால்பட்டையும் இவர்கள் தலைக்கவசமும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டுமாம். குதிரைக்கு மூச்சு வாங்குகிறது என்று கையில் கட்டிய கடிகாரம் சொன்னால்தான் நம்புகிறார்கள். குதிரை நல்லபடியாக முடித்தாலே ஜெயித்த மாதிரி என்று நாங்கள் சொல்வோம், இவர்கள் எடுத்த எடுப்பிலேயே மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்கிறார்கள். புறப்படும் முன் பழைய ஆட்கள் நாங்கள் நான்கு பேர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரையும் அலசினோம். அதில் இரண்டு பேர் குதிரை ஏறி ஆறு வருடமாகிறது, ஆனாலும் கருத்துச் சொல்லச் சேணம் எதற்கு. எனக்கு அறவே ஆகாதவர் ஒரு பல் டாக்டர் அம்மா. உச்சி முதல் பாதம் வரை கத்தரிப்பூ நிறம், கடிவாளமும் அதே நிறம். கத்தரிப்பூ என்றே பேர் வைத்துவிட்டோம், வைத்தது நான்தான்.

உனக்குத் தெரிந்ததுதான், ஒவ்வொரு சுற்று முடிந்து வந்ததும் இருபது நிமிடத்துக்குள் குதிரையின் நாடி அறுபத்து நான்குக்கு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கால்நடை டாக்டர் போட்டியிலிருந்து நிறுத்திவிடுவார். அதற்காகத்தானே முப்பது வருடமாகக் கடைசி ஒரு கிலோமீட்டர் நான் இறங்கி, சேண வாரைத் தளர்த்திவிட்டுக் கூடவே நடந்து வருகிறேன். மூன்றாவது சுற்றில் வழக்கமாக இறங்கும் இடத்துக்கு வந்தபோது புதியவர் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். போகிற போக்கில், முடியலைன்னா ஓரமா நில்லுங்க சார், ஆள் அனுப்பச் சொல்றேன் என்றார். அக்கறையாகத்தான் சொன்னார், அதுதான் பொறுக்கவில்லை. நான் இறங்கவில்லை மகளே. செவலையை விரட்டிக்கொண்டு வந்து அவரை முந்தினேன், எல்லாரும் கை தட்டினார்கள், எனக்கும் மனசு குளிர்ந்துபோனது.

இருபது நிமிடம் கழித்தும் நாடி எழுபத்திரண்டு. டாக்டரிடம் நாடி பார்க்கும் உங்கள் குழாய் பழசு என்று சண்டை போட்டேன். அவர் அதைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார். கேட்டேன். எழுபத்திரண்டேதான், எங்கள் போட்டி அத்தோடு முடிந்தது. செவலை புல்லைத் தொடாமல் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. அந்த நேரம் பார்த்துக் கத்தரிப்பூ தன் குதிரையோடு மெதுவாக நடந்து வந்து சேர்ந்தார். அதன் நாடி ஐந்தே நிமிடத்தில் இறங்கிவிட்டது. குதிரையைத் தன் கணவர் கையில் கொடுத்துவிட்டுத் தன் வாளியை எடுத்து வந்து செவலையின் கழுத்தில் அவரே தண்ணீர் ஊற்றினார். இறங்கி நடக்க யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். புதியவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறதாம், அதில் வெளியூரிலிருந்து ஒரு பெண் எழுதுகிறாளாம், எங்க அப்பா கடைசி ஒரு கிலோமீட்டர் இறங்கி நடப்பார், அவரைப் பார்த்துக் கத்துக்குங்க என்று. சொல்லிவிட்டு, அந்த அப்பா யாருன்னு உங்களுக்குத் தெரியுமா சார் என்று கேட்டார். தெரியாது என்றேன்.

செவலை சாயங்காலமே தீனி எடுத்தது, பயப்படாதே, டாக்டர் ஒரு மாதம் ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நீ நினைத்ததெல்லாம் கைகூடி நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். முதுகுவலிக்குத் தைலம் போட மறக்காதே. அந்தக் குழுவில் நீ எழுதியதை மட்டும் அழித்துவிடாதே. ஓய்வு முடிந்ததும் அந்த ஒரு கிலோமீட்டரைக் கத்தரிப்பூ பார்க்க நடந்து வந்து, அந்த அப்பா நான்தான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அதுவரை யாரென்று தெரியாத
உன் அப்பா